மூன்றாம் லைன் கம்ப்யூட்டரின் பிறந்த தேதி

ஒரகடத்தில் பிரேக் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில், மூன்றாம் லைனின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கம்ப்யூட்டர் என்றதும் கண்ணாடி அறையையும் ஏசியையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தகரப் பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கசிவு பார்க்கும் மேடை. லைனில் வருகிற ஒவ்வொரு பாகத்தையும் மேடையில் மாட்டிக் காற்றழுத்தம் கொடுப்பார்கள். கசியாவிட்டால் பச்சை விளக்கு, கசிந்தால் சிவப்பு. எந்தப் பாகம், எத்தனை மணிக்கு, எவ்வளவு அழுத்தம், சோதித்தது யார் என்று கம்ப்யூட்டர் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். ஏழு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் அதை அணைப்பார்கள். மற்றபடி அதன் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

மேடையில் நின்றவள் மரகதம். மண்ணூர்க்காரி, நாற்பத்து மூன்று வயது. லைன் தொடங்கிய முதல் நாளே அந்த மேடைக்கு வந்தவள். ஆனால் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கேட்டால், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று சாதிக்கும். அட்டைமேல் குற்றம் இல்லை. பதினொரு மாதத்துக்கு ஒரு முறை ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயர்ப்பலகை மாறும். பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புது அட்டை கொடுப்பார்கள். புது எண், புதுச் சேர்ந்த தேதி. நடுவில் மூன்று நாள் இடைவெளி விடுவார்கள். அந்த மூன்று நாளும் மரகதம் லைனில்தான் நிற்பாள். காகிதத்தில் மட்டும் வீட்டுக்குப் போயிருப்பாள்.

அந்த ஆகஸ்டில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஐந்து வருஷம் இடைவெளியில்லாமல் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரம் செய்வார்களாம். சான்றோடு விண்ணப்பிக்க வேண்டுமாம். அக்டோபர் எட்டாம் தேதி தொழிலாளர் அலுவலகத்திலிருந்து அதிகாரி நேரில் வந்து சரிபார்ப்பாராம். படித்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு ‘இடைவெளியில்லாமல்’ என்ற சொல்லை இன்னொரு முறை படித்துவிட்டுக் கையை இறக்கினார்கள்.

மரகதம் நேராக முத்துச்செல்வியிடம் வந்தாள். முத்துச்செல்வி கயத்தாறு பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டு இங்கே சிஸ்டம் வேலை பார்க்கிறாள். அவளும் ஒப்பந்தம்தான். மண்ணூரில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள்.

“செல்வி, இந்தப் பொட்டில என் பேரு எப்பலேர்ந்து கீதுன்னு பாத்து சொல்றியா?”

முத்துச்செல்வி பார்த்தாள். முதல் வரி 2018 ஜூலை ஒன்பது, காலை பத்து நாற்பத்திரண்டு. சோதித்தவர்: மரகதம். அதற்குப் பிறகு நாள் தவறாமல் மரகதம், மரகதம், மரகதம். அட்டையின் எண் வருஷா வருஷம் மாறியதை அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் கொடுத்த பெயரிலேயே அவள் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். ஏழு வருஷத்துக்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தகரப் பெட்டிதான்.

“பேப்பர்ல எடுத்துக் குடுத்துரட்டா அக்கா?”

“எச்.ஆர். ஆபீசுல கேட்டேன். அந்தத் தமிழ்வாணன் சாரு இன்னா சொல்றாரு தெரியுமா? பேப்பர யாரு வேணா டைப் அடிக்கலாம், மெஷின்லயே காட்டினாதான் செல்லும்னு சொல்ட்டாரு.”

எட்டாம் தேதி வரை மெஷின் இருந்தால் காட்டிவிடலாம். அடுத்த வாரமே அதற்கும் வேட்டு வந்தது. சிஸ்டம் தலைவர் கோமதிநாயகம் முத்துச்செல்வியைக் கூப்பிட்டார். கண்டிப்பான மனிதர், கெட்டவர் இல்லை. லைன் நின்றால் மட்டும் அவருக்கு மூச்சே நின்றுவிடும்.

“மூணாம் லைன் சிஸ்டம் ரொம்பப் பழசு. அதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வர்றதே நின்னு போச்சு. பூஜை லீவு முடிஞ்சு லைன் திறக்கும்போது புது சிஸ்டம் ஓடணும்னு கஸ்டமர் சொல்லிட்டான். வெளியில இருந்து சிஸ்டம் போட்டுத் தர்ற வெண்டார் ஆளை வரச் சொல்றேன். எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசு போட்டுருவான்.”

“பழைய பதிவெல்லாம் சார்?”

“அழுத்தம், பாஸா ஃபெயிலா, இது மட்டும் ஹெட் ஆபீசுக்கு ஏத்திருவாங்க. யார் டெஸ்ட் பண்ணாங்கறது கஸ்டமருக்கு எதுக்கு?”

முத்துச்செல்விக்கு வாய் சரியான நேரத்தில் வேலை செய்தது.

“சார், அந்த டெஸ்ட் புரோகிராம எழுதினவரு வேலைய விட்டுப் போயி நாலு வருஷமாச்சு. திரும்பப் போடுததுக்கு மூல ஃபைலு எங்கயும் இல்ல, தேடிப் பாத்துட்டேன். ஃபார்மட் பண்ணா லைன் எப்ப எந்திரிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. நான் அழிக்காம மாத்துதேன் சார். ஓடிக்கிட்டு இருக்கும்போதே, கொஞ்சம் கொஞ்சமா.”

சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் அடுத்த ஏஜென்சியின் பட்டியலில் தன் பெயர் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

கோமதிநாயகம் யோசித்தார். “பூஜை வரைக்கும் டைம். லைன் உன்னால ஒரு நிமிஷம் நின்னாலும் வெண்டார்தான்” என்றார்.

என்ன வேலை அது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரை உள்ளே இருந்து இயக்கும் லினக்ஸ் என்பது ஒரே கல்லில் செதுக்கிய சிலை அல்ல. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பொட்டலங்கள் சேர்ந்தது. எழுத்தைக் காட்ட ஒன்று, மணி பார்க்க ஒன்று, கோப்பை நகல் எடுக்க ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று சண்டை போடாதபடி அடுக்கித் தருகிறவர்கள் பல பேர். அந்த அடுக்குக்கு ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். மூன்றாம் லைனில் இருந்தது உபுண்டு. எல்லா ஆலைகளிலும் இனி டெபியன் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்திருந்தது. உபுண்டுவே டெபியனிலிருந்து கிளைத்த கிளை என்பதால் இரண்டுக்கும் பொட்டலம் கட்டும் முறை ஒன்றுதான். ஆகவே ஒரு பொட்டலத்தை எடுத்து, அதே இடத்தில் டெபியனின் பொட்டலத்தை வைக்கலாம். நாளைக்கு இன்னொன்று. கடைசியில் பார்த்தால் பழையது ஒன்றுமே இருக்காது, ஆனால் எதுவும் ஒரே நாளில் போயிருக்காது. இப்படிச் செய்யாதே என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். முத்துச்செல்வியும் விவரம் தெரிந்தவள்தான். வேறு வழி இல்லை.

நேரம் எங்கே கிடைக்கும்? காலை பத்தரைக்குப் பத்து நிமிஷம், மதியம் மூன்றரைக்குப் பத்து நிமிஷம். லைன் டீ குடிக்கும் நேரம் மட்டுமே அவளுக்கு. ஆகஸ்ட் இருபதாம் தேதி பத்தரைக்குப் பிள்ளையார் சுழி போட்டாள். ஒரு நோட்டு வாங்கினாள். எதை எடுத்தாள், எதை வைத்தாள், தப்பினால் எப்படித் திரும்புவது என்று ஒவ்வொன்றையும் கையால் எழுதினாள். பென்டிரைவ் உள்ளே கொண்டுவரக் கூடாது என்பதால் வேண்டிய பொட்டலங்களை முன்னதாகவே சிஸ்டம் அறை சர்வரில் இறக்கி வைத்திருந்தாள்.

ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு நிமிஷம் சோதனை. மேடைக்கு அருகே இரண்டு மாதிரிப் பாகங்கள் பச்சை, சிவப்பு சாயம் பூசித் தொங்கும். மாஸ்டர் பீஸ் என்பார்கள். ஒன்று நல்லது, இன்னொன்றில் வேண்டுமென்றே ஊசித்துளை போட்டிருக்கும். நல்லதற்குப் பச்சை வரவேண்டும், ஓட்டைக்குச் சிவப்பு வரவேண்டும். மரகதம் டீ டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டே இரண்டையும் மாட்டிப் பார்ப்பாள்.

“பச்சைக்கு பச்ச, ஓட்டைக்கு செவப்பு. சரியா கீது. போ, போயி டீ குடி.”

டீ ஆறியிருக்கும். முத்துச்செல்வி அந்த நாற்பது நாளும் சூடான டீ குடித்ததில்லை.

செப்டம்பர் பதினொன்று அன்று எல்லாப் பொட்டலங்களும் சாய்ந்து நிற்கும் அடித்தளப் பொட்டலத்தை மாற்றினாள். அதுதான் ஆபத்தான இடம் என்று முதலிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். வைத்து முடித்ததும் டெஸ்ட் புரோகிராம் திறக்க மறுத்தது. மணி பத்து முப்பத்தொன்பது. பழைய காலத்துத் துணைக் கோப்பு ஒன்றை அது தேடுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மணி பத்து நாற்பது ஆகி லைன் நகரத் தொடங்கிவிட்டது. மேடையில் மூன்று பாகம் வந்து குவிந்தது.

லைன் நின்றால் எதனால் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மெஷின் பழுது என்றால் சிவப்புப் பொத்தான். ஆள் இல்லை என்றால் மஞ்சள். மரகதம் மஞ்சளை அழுத்திவிட்டுக் கழிவறைப் பக்கம் நடந்தாள்.

இரண்டு நிமிஷத்தில் அந்தத் துணைக் கோப்பைத் தனியாகக் கொண்டுவந்து வைத்து முத்துச்செல்வி புரோகிராமைத் திறந்துவிட்டாள். திரும்பி வந்த மரகதத்துக்குச் சூப்பர்வைசரிடம் நன்றாகக் கிடைத்தது. டீ நேரம் முடிந்து இரண்டு நிமிஷம் எங்கே போனாய் என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பாகத்தை மாட்டினாள்.

“ஏங்க்கா உங்க பேர்ல ஏத்திக்கிட்டீங்க?” என்று மூன்றரைக்கு முத்துச்செல்வி கேட்டாள்.

“செவப்பு அமுக்கினா உன் சாரு ஓடி வந்துடுவாரு. மஞ்சளுக்கு எவனும் வர மாட்டான். திட்டுதான, அது பழக்கம்தான்.”

அன்று சாயங்காலம் அம்மா போனில் கூப்பிட்டாள். பேசி முடிக்கும்போது, “ஏட்டி, உன் பேச்சே மாறிட்டு. ‘இன்னா’ங்குத, ‘கீது’ங்குத. யாரோ மாதிரி இருக்கு” என்று குறைப்பட்டாள். தான் எப்போது அப்படிப் பேசினோம் என்று முத்துச்செல்விக்கு நினைவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக யாரோ எடுத்து வேறு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எந்த நாளில் எது போயிற்று என்று எழுதி வைக்கவும் ஒரு நோட்டு இல்லை. இந்த யோசனை அவளை ரொம்ப நேரம் விடவில்லை. பாதி மாறிய அந்தக் கம்ப்யூட்டரை இப்போது உபுண்டு என்பதா, டெபியன் என்பதா? கேட்டால் அது தன்னை இன்னும் உபுண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லும் பொட்டலத்தை அவள் இன்னும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசியில் இரண்டே வேலை பாக்கி. ஒன்று, கம்ப்யூட்டர் கண் விழித்ததும் எங்கே போவது என்று வழி சொல்லும் துவக்க நிரலை மாற்றுவது. இன்னொன்று, ஒரு முறை அணைத்து எழுப்பிப் பார்ப்பது. இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்வதாகத் திட்டம். பூஜை விடுமுறைக்கு முன்னால் சரக்கு சேர்க்க வேண்டும் என்று அந்த ஞாயிறும் ஓவர்டைம் போட்டு லைனை ஓட்டிவிட்டார்கள். மிஞ்சியது முப்பதாம் தேதி மூன்றரை மணிதான். அன்று நாலு மணிக்கு ஆலையில் பூஜை. அதன்பிறகு இரண்டு நாள் விடுமுறை.

மூன்றரைக்குப் பழைய துவக்க நிரலை அவள் வேரோடு எடுத்தாள். புதியதை வைக்க நான்கு நிமிஷம் போதும். கையை விசைப்பலகையில் வைத்தபோது போன் அடித்தது.

“கஸ்டமர் லைன்ல இருக்கான். ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு உடனே கேபினுக்கு வா” என்றார் கோமதிநாயகம்.

‘அணைக்காதீர்கள்’ என்று பெரிதாக எழுதிய தாள் திரையில் பல நாளாக ஒட்டியே இருந்தது. அதை ஒரு முறை அழுத்திவிட்டு ஓடினாள். கஸ்டமர் கேள்விமேல் கேள்வி கேட்டு இருபத்தைந்து நிமிஷம் தின்றுவிட்டான்.

திரும்பி வந்தபோது தகரப் பெட்டி பளபளவென்று இருந்தது. திரையைத் துடைத்து, மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு முழம் சாமந்தி சுற்றியிருந்தது. ‘அணைக்காதீர்கள்’ தாள் நான்காக மடித்து, பத்திரமாக விசைப்பலகைக்கு அடியில் இருந்தது. திரை கறுத்திருந்தது. மரகதம் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எப்டி கீது? வருசா வருசம் நான்தான இத்த தூங்க வெக்கிறது.”

முத்துச்செல்வி பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். அதற்குள் மணி அடித்தது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜை போட்ட மெஷினை விடுமுறை முடியாமல் யாரும் தொடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். லைன் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. தன்னை அறியாமல் அவளும் கும்பிட்டாள். வழி சொல்லும் நிரல் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் என்று தெரிந்து கும்பிட்டது அந்த லைனில் அவள் ஒருத்திதான்.

மறுநாள் அறைத் தோழிகள் ஊருக்குப் போய்விட்டார்கள். மண்ணூரே வைத்த பொட்டும் கட்டிய மாவிலையுமாக இருந்தது. முத்துச்செல்வி மதியம்வரை படுத்துக் கிடந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஆயிரம் முறை நினைத்தாள். வெள்ளிக்கிழமை அது எழுந்துவிட்டால் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. எழாவிட்டால், கோமதிநாயகம் எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்த வெண்டார் ஆள் அழித்துவிடுவான். அப்போது யார் கையால் போயிற்று என்று மரகதத்துக்குத் தெரியாமலே இருக்கும். அது இரக்கமா, கோழைத்தனமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. மூன்று மணிக்கு எழுந்து மரகதத்தின் வீட்டுக்குப் போனாள்.

முன்கட்டு புதிதாகக் கட்டிய காங்கிரீட். நடு அறைக்குத் தகரக் கூரை. சமையல்கட்டு இன்னும் பழைய மண் சுவரும் ஓடும்தான். மரகதம் பொரியும் கடலையும் தட்டில் போட்டுக் கொடுத்தாள். முத்துச்செல்வி சுவரைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “ஒரே மூச்சில இடிச்சா எங்க போயி தங்குறது? இந்தாண்ட குடியிருந்துகினே அந்தாண்ட கட்டினோம். இன்னும் முடியல” என்றாள்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து நீங்க ஆஃப் பண்ணும்போது அது பாதி வேலைல இருந்துச்சு.”

“பாதின்னா?”

“முழிச்சதும் எங்க போகணும்னு அதுக்குச் சொல்லுதது ஒண்ணு உண்டு. பழச எடுத்துட்டேன், புதுச வைக்கல. வெள்ளிக்கிழமை எந்திரிக்குமா எந்திரிக்காதான்னு எனக்கே தெரியாதுக்கா. எந்திரிக்கலன்னா அழிச்சிருவாங்க.”

மரகதத்தின் கை பொரித் தட்டில் அப்படியே நின்றது.

“அப்ப, நானா?”

“உங்க தப்பு இல்லக்கா. பேப்பர்ல எழுதி ஒட்டினேனே தவிர, உங்ககிட்ட வாயால ஒரு வார்த்த சொல்லல.”

“பேப்பர படிச்சேன். மத்த நாளைக்குதான்னு நெனச்சேன். பூசைக்கு கூடவா நிறுத்த மாட்டாங்க?” பிறகு சிரித்தாள். “ஏழு வருசமா அவங்க என்ன நிறுத்தி நிறுத்தி புச்சா ஆரம்பிச்சினே கீறாங்க. நான் ஒரே ஒரு தபா ஒண்ண நிறுத்தினேன். அது என் தலையிலயே வந்து வுழுது பாரு.” சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. முந்தானையால் துடைத்துவிட்டு, “துன்னு. பொரி நமுத்துடும்” என்றாள்.

முத்துச்செல்விக்கு அழுகை வந்தது. தின்றாள்.

வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்கு முதல் கம்பெனி பஸ்ஸில் இருவரும் இறங்கினார்கள். கோமதிநாயகம் ஏற்கெனவே வந்திருந்தார். பக்கத்தில் வெண்டார் ஆள் பையோடு நின்றான். எட்டரைக்கு லைன். காய்ந்த சாமந்தியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு முத்துச்செல்வி பொத்தானை அழுத்தினாள்.

கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரே ஒரு சொல், பக்கத்தில் மினுங்கும் கோடு. வேறொன்றுமில்லை.

“போச்சா?” என்றார் கோமதிநாயகம்.

“இல்ல சார். எங்க போகணும்னு கேக்குது.”

வேரோடு எடுத்ததாக அவள் நினைத்த பழைய நிரலின் வேர் ஒன்று, பதிவெல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் வட்டின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வழி தெரியவில்லை, ஆனால் கேட்கத் தெரிந்திருந்தது. கேட்கிற வரைக்கும் கவலையில்லை. நோட்டைத் திறந்தாள். எந்த வட்டு, அதில் எந்தப் பகுதி, எந்தக் கோப்பு என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றது. வெண்டார் ஆள் பையின் ஜிப்பைத் திறந்தான். அவள் விரல் வைத்து மறுபடி படித்தாள். ஓர் எண்ணில் ஆறுக்குப் பதில் எட்டு அடித்திருந்தாள். திருத்தினாள். கிளம்பு என்று கடைசிக் கட்டளையைக் கொடுத்தாள்.

திரையில் வரிகள் மளமளவென்று ஓடத் தொடங்கின. மணி எட்டு இருபத்தொன்று. மரகதம் நல்ல மாஸ்டரை மாட்டினாள். பச்சை. ஓட்டை மாஸ்டரை மாட்டினாள். ஒரு விநாடி எந்த விளக்கும் வரவில்லை. பிறகு சிவப்பு வந்தது. சிவப்பைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்டவர்கள் அந்த ஆலையில் அதற்கு முன்னால் இருந்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் பெயரைக் கேட்டது. மரகதம் தன் பெயரை அடித்து உள்ளே போனாள். பத்தரை டீ நேரத்தில் முத்துச்செல்வி புதுத் துவக்க நிரலை வைத்து முடித்தாள்.

எட்டாம் தேதி தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கோப்பும் மூக்குக் கண்ணாடியுமாக மேடை அருகே நின்றார். எச்.ஆர். தமிழ்வாணன் முந்திக்கொண்டார்.

“மேடம், இது பழைய மெஷினே இல்லை. போன வாரம்தான் புது சிஸ்டத்துக்கு மாறியிருக்கு. ரிப்போர்ட் இதோ இருக்கு, கஸ்டமரே ஒத்துக்கிட்டான். இதுல இருக்கற பழைய பேரெல்லாம் நடுவுல யாராவது எழுதினதா இருக்கலாம்.”

அதிகாரி முத்துச்செல்வியைப் பார்த்தார். “எல்லாத்தையும் மாத்தினீங்களா?”

“ஆமா மேடம். எல்லாத்தையும்.”

“அப்புறம் எப்படிப் பழைய மெஷின்னு சொல்றீங்க?”

பதிலுக்கு அவள் ஒரு கட்டளை அடித்தாள். வட்டு தன்னைப் பற்றிச் சொல்லும் வரிகள் திரையில் வந்தன. “இந்த வட்டுல முதன்முதல்ல ஃபார்மட் பண்ணிக் கோடு போட்ட தேதி இது. திரும்ப ஃபார்மட் பண்ணா இந்தத் தேதி மாறிரும். நான் பொட்டலத்தத்தான் மாத்தினேன், வட்ட ஒரு தடவகூட அழிக்கல.” திரையில் 2018 ஜூலை ஒன்பது, காலை ஒன்பது பதினாறு என்று இருந்தது.

கோமதிநாயகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்காகத்தான் ஃபார்மட் வேண்டாம்னியா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“ரெண்டுக்கும்தான் சார்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மேடம், வட்டு அதேதான். அன்னிக்கு இதை மாட்டினது நான்” என்றார். தமிழ்வாணன் அவரைப் பார்த்த பார்வைக்கு அவர் திரும்பவில்லை.

அதிகாரி கோப்பில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். “போன மார்ச் முப்பத்தொண்ணு இவங்களை விடுவிச்சு, ஏப்ரல் நாலு மறுபடி சேர்த்ததா இருக்கு. நடுவுல மூணு நாள் இவங்க வேலையிலேயே இல்லை. அந்த மூணு நாளைக் காட்டுங்க.”

முத்துச்செல்வி காட்டினாள். ஏப்ரல் ஒன்று, முந்நூற்றுப் பன்னிரண்டு பாகம். இரண்டு, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூன்று, முந்நூற்று ஐந்து. ஒவ்வொன்றின் எதிரிலும் மரகதம்.

“அதுக்கு முந்தின வருஷம்?”

அதையும் காட்டினாள். அதற்கு முந்தியதையும் காட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சேர்ந்த தேதி என்ற கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு, 9.7.2018 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மரகதம் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. லைனில் பாகம் வந்துகொண்டிருந்தது. மாட்டிக்கொண்டே கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி கிளம்புமுன் திரையைச் சுட்டினார். “மாத்தினதுக்கெல்லாம் பதிவு இருக்கா?”

“இருக்கு மேடம்.” நாற்பது நாளும் வரிவரியாக ஓடியது. எல்லா வரியிலும் ரூட், ரூட், ரூட்.

“ரூட் யாரு?”

“அது யாரும் இல்ல மேடம். சிஸ்டத்துல கை வைக்க வாரவங்க எல்லாரும் அந்தப் பேர்லதான் உள்ள போவோம்.”

“நீங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?”

முத்துச்செல்வி தன் அட்டையைக் குனிந்து பார்த்தாள். “கார்டுல ஆறு மாசம் மேடம். நெசத்துல மூணு வருஷம்.”

“உங்க பேர் எங்கேயாவது பதிவாகியிருக்கா?”

நான்கு லைன், இரண்டு சர்வர், வாசலில் அட்டை தேய்க்கும் மெஷின். எல்லாவற்றையும் அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அத்தனையிலும் அவள் வேலை இருந்தது. ஒன்றில்கூட அவள் இல்லை. “இல்ல மேடம்” என்றாள். அந்த அம்மா கோப்பை மூடிக்கொண்டு போனார்.

மறுநாள் பத்தரைக்கு முத்துச்செல்வி மூன்றாம் லைனுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தாள். மரகதம் டம்ளரோடு வந்தாள்.

“அல்லாம் முடிஞ்சிதுன்ன. இன்னும் இன்னா மாத்துற?”

“ஒண்ணும் மாத்தலக்கா. ஒரு பேரு சேக்குதேன்.”

ஆபரேட்டர்களின் பெயர்களுக்குக் கீழே புதிதாக ஒரு பெயரை அடித்தாள். முத்துச்செல்வி. கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தாள். ரூட்டிலிருந்து வெளியே வந்து, தன் பெயரில் உள்ளே போனாள். கம்ப்யூட்டர் வழக்கம்போல் ஒரு வரி எழுதிக்கொண்டது: அக்டோபர் ஒன்பது, பத்து முப்பத்து நான்கு. மரகதம் நீட்டிய டீயை வாங்கிக் குடித்தாள். சூடாக இருந்தது.